ஈர்ப்பலை ஆய்வு மருத்துவத்துக்கு எதைக் கொடுத்தது? விவாத இழை

வான்பித்தன்:

வேறோர் இழையில் ஒருவர் கேட்டிருந்தார்: "நூறு கோடி டாலருக்கு மேல் செலவழித்து இரண்டு கருந்துளைகள் மோதுவதைக் கேட்கிறார்கள். அந்தப் பணம் மருத்துவ ஆய்வுக்குப் போயிருந்தால் எத்தனை பேர் பிழைத்திருப்பார்கள்?" அவர் சொன்னது லைகோவை: கருந்துளைகள் மோதும்போது விண்வெளியில் பரவும் ஈர்ப்பலை என்ற நுண்ணிய அதிர்வைப் பிடிக்க அமெரிக்காவில் கட்டிய இரண்டு கருவிகள். அங்கே பதில் எழுதினால் அந்த இழையின் பேச்சு கெடும். அதனால் தனியாகத் தொடங்குகிறேன்.

அமெரிக்க இயற்பியலாளர் லேரி ஸ்மாரை எடுத்துக்கொள்வோம். 1970-களில் இரண்டு கருந்துளைகள் மோதினால் என்ன ஆகும் என்று ஐன்ஸ்டைனின் சமன்பாடுகளைக் கணினியில் போட்டுப் பார்த்தவர்களில் அவர் ஒருவர். அந்தக் கணக்குக்கு அன்றைய பல்கலைக்கழகக் கணினிகள் போதவில்லை. அமெரிக்காவில் செய்த கிரே சூப்பர் கம்ப்யூட்டரில் வேலை செய்ய ஓர் அமெரிக்க ஆய்வாளர் ஜெர்மனி வரை போக வேண்டியிருந்தது. பல்கலைக்கழக ஆய்வாளர்களுக்கென்று சூப்பர் கம்ப்யூட்டர் மையம் வேண்டும் என்று அவர் 1983-ல் எழுதிய கோரிக்கைதான் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் என்சிஎஸ்ஏ மையமாக வந்தது. 1993-ல் மொசைக் பிரவுசர் வெளியானது அங்கிருந்துதான். இணையம் சாதாரண ஆட்கள் கைக்கு வந்ததில் அந்த பிரவுசருக்குப் பெரிய பங்கு உண்டு.

கதை அங்கே முடியவில்லை. பின்னாளில் ஸ்மார் தன் உடம்பையே அளக்க ஆரம்பித்தார். ரத்தம், மலம், குடல் நுண்ணுயிரிகள் என்று வருடக்கணக்கில் தரவு சேர்த்து, தனக்குக் குடலில் அழற்சி இருக்கிறது என்பதை எண்களிலிருந்தே பிடித்தார். அது குரோன் நோய் என்று பிறகு தெரிந்தது. ஈர்ப்பு இயற்பியல், கணினி, மருத்துவம் என மூன்றும் ஒரே மனிதரின் ஆய்வு வாழ்க்கையில் தொடர்ச்சியாக வருகின்றன.

இன்னும் இருக்கிறது. ஐன்ஸ்டைனின் சார்பியல் கோட்பாடு சொல்லும் திருத்தம் இல்லாமல் ஜிபிஎஸ் இல்லை. செயற்கைக்கோள் கடிகாரம் நாளுக்கு 38 மைக்ரோநொடி முந்தி ஓடும்; அதைக் கவனிக்காமல் விட்டால் ஒரே நாளில் 10 கிலோமீட்டருக்கு மேல் பிசகும். வெடிக்கும் குட்டிக் கருந்துளைகளைத் தேடிய ஜான் ஓ'சல்லிவனின் கணிதம் பிறகு வைஃபைக்குப் பயன்பட்டது. கிளாஸ்கோவில் ஈர்ப்பலைக் கருவி செய்தவர்களின் லேசர் அளவீட்டின் துணையோடு ஸ்டெம் செல்களை எலும்புச் செல்களாக மாற்றுகிறார்கள். "என்ன பயன்?" என்று ஆரம்பத்திலேயே கேட்டு மூடியிருந்தால் இதில் எது வந்திருக்கும்?

இரவுப்பணி:

நான் மருத்துவர். பொதுமருத்துவம். உங்கள் ஆர்வம் புரிகிறது, ஆனால் ஸ்மாரின் கதையை மருத்துவ வெற்றியாகச் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. அவருக்கு அது நல்லதாக முடிந்தது, மகிழ்ச்சி. ஒரே ஒருவர் தன்னைத்தானே அளந்து ஒன்றைக் கண்டுபிடித்தார் என்பதிலிருந்து எல்லோரும் எல்லாவற்றையும் அளக்க வேண்டும் என்று போனால் என்ன ஆகும் என்பதற்குப் பெரிய சான்று இருக்கிறது.

தென்கொரியாவில் 1999-ல் அரசு புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. தைராய்டு அதில் இல்லை. ஆனால் பரிசோதனைக்கு வந்தவர்களுக்குச் சிறு கட்டணத்தில் கழுத்து அல்ட்ராசவுண்டும் எடுத்தார்கள். 2011-ல் தைராய்டு புற்றுநோய் கண்டறியப்படும் விகிதம் 1993-ல் இருந்ததைப் போல 15 மடங்கு. அந்த ஓர் ஆண்டில் மட்டும் 40,000 பேருக்கு மேல். அந்த நோயால் இறந்தவர்கள் விகிதம்? மாறவே இல்லை. அதாவது ஒருபோதும் தொந்தரவு கொடுத்திருக்காத கட்டிகளைத் தேடிப்பிடித்து, பெரும்பாலோருக்குச் சுரப்பியை அறுத்து எடுத்து, வாழ்நாள் முழுக்க மாத்திரை போட வைத்தார்கள்.

இயற்பியலில் அதிகமாக அளந்தால் அதிகமாகத் தெரியும். மருத்துவத்தில் அதிகமாக அளந்தால் சில நேரம் ஆள் கெடுவான். துறை தாண்டி வருகிறவர்கள் முதலில் தடுக்கி விழுவது இங்கேதான்.

பூலியன்:

சிக்னல் பிராசஸிங் என் தொழில். டாக்டரோடு பாதி ஒத்துப்போகிறேன், வேறு காரணத்துக்காக. வான்பித்தன், உங்கள் பட்டியலில் ஓட்டைகள் இருக்கின்றன, அதை வைத்து அடிப்படை ஆய்வைக் காப்பாற்றப் போனால் முதல் கேள்வியிலேயே மாட்டிக்கொள்வீர்கள்.

வைஃபை: ஓ'சல்லிவன் 1970-களில் அந்தக் கருந்துளைகளைத் தேடியது உண்மை. ஒன்றும் கிடைக்கவில்லை என்பதும் உண்மை. வானொலி வானியலில் அவருக்குக் கைவந்த கணிதத்தை 1990-களில் ஆஸ்திரேலியாவின் அரசு ஆய்வு நிறுவனமான சிஎஸ்ஐஆர்ஓவில் வேறொரு பிரச்சினைக்குப் பயன்படுத்தினார்: அறைக்குள் ரேடியோ அலை சுவரில் பட்டுத் திரும்பி, ஒன்றன்மேல் ஒன்று விழுந்து கலங்குகிற பிரச்சினை. ஆனால் அதன் அடித்தளமான, கலந்த அலையைத் தனித்தனி அலைவரிசைகளாகப் பிரிக்கும் வேக ஃபூரியர் கணக்கை 1965-லேயே கூலியும் டூக்கியும் வெளியிட்டுவிட்டார்கள். பல அலைவரிசைகளில் பிரித்து அனுப்பும் யோசனை 1966-ல் பெல் ஆய்வகத்திலிருந்து வந்துவிட்டது. கருந்துளையைத் தேடாமலிருந்தால் வைஃபை வந்திருக்காது என்று சொல்ல இடமில்லை.

ஜிபிஎஸ்: கடிகாரம் வேகமாக ஓடுவது விண்ணில் ஏற்றிய உடனே கண்ணில் பட்டிருக்கும். பொறியாளர்கள் காரணம் தெரியாமலே ஒரு திருத்தம் போட்டு ஓட்டியிருப்பார்கள். பொதுச் சார்பியல் தேவைப்பட்டது விளக்கத்துக்குத்தான்.

தராசு:

இன்னொரு கோணம். பட்டியலில் வருவதெல்லாம் வென்ற குதிரைகள். பயன் எதுவும் தராமல் முடிந்த அடிப்படை ஆய்வுகளை யாரும் பட்டியல் போடுவதில்லை. எத்தனையில் எத்தனை என்று வகுத்துக் காட்டினால்தான் வாதம்.

அப்புறம் இழந்த வாய்ப்பையும் கணக்கில் எடுங்கள். 1990-களில், லைகோ கட்டப்பட்ட அதே காலத்தில், உயிர்வேதியியலாளர் கேட்டலின் காரிகோ, செல்லுக்குப் புரதம் செய்யும் கட்டளையைக் கொண்டுபோகும் எம்ஆர்என்ஏவை மருந்தாக்க முடியும் என்று நிதி கேட்டு விண்ணப்பம் மேல் விண்ணப்பம் போட்டார். கிடைக்கவில்லை. 1995-ல் அவரைப் பதவி இறக்கினார்கள். 2005-ல் அவரும் ட்ரூ வைஸ்மனும் சேர்ந்து, நோய் எதிர்ப்பு மண்டலத்தைக் கிளறாத எம்ஆர்என்ஏவைச் செய்யும் வழியைக் காட்டினார்கள். எம்ஆர்என்ஏ வகைக் கோவிட் தடுப்பூசிகள் அதன்மேல்தான் நின்றன. 2023-ல் நோபல். லைகோவுக்குப் போனதில் நூறில் ஒரு பங்கு அவருக்கு 1992-ல் கிடைத்திருந்தால்?

வான்பித்தன்:

பூலியன், ஜிபிஎஸ் பற்றி நீங்கள் சொல்வது வரலாற்றோடு ஒட்டவில்லை. 1977-ல் ஜிபிஎஸ் சோதனைக்காக என்டிஎஸ்-2 என்ற செயற்கைக்கோளை ஏற்றினார்கள். சார்பியல் விளைவு உண்மைதானா என்று சிலருக்குச் சந்தேகம். அதனால் திருத்தும் கருவியை உள்ளே வைத்து, அணைத்தே அனுப்பினார்கள். சுமார் 20 நாள் அப்படியே ஓடவிட்டு அளந்தபோது கடிகாரம் லட்சம் கோடியில் 442.5 பங்கு முந்தியிருந்தது. கோட்பாடு முன்கூட்டியே சொன்னது 446.5. அதன் பிறகே கருவியை இயக்கினார்கள். ஏற்றுவதற்கு முன்பே எண் கையில் இருந்தது என்பதுதான் இங்கே முக்கியம். காரணம் தெரியாமல் ஒட்டுப் போட்டிருந்தால், சுற்றுப்பாதை லேசாக நீள்வட்டமாகும்போது அந்தப் பிழை ஏறி இறங்குவதை எப்படிக் கணித்திருப்பார்கள்? ஒவ்வொரு செயற்கைக்கோளுக்கும் ஒவ்வொரு ஒட்டா?

தராசு, காரிகோவுக்கு நடந்தது அநியாயம். ஆனால் அந்த அநியாயத்தைச் செய்தது ஈர்ப்பலை ஆய்வு அல்ல. அவருக்கு நிதி மறுத்தவர்கள் மருத்துவ ஆய்வு விண்ணப்பங்களை மதிப்பிட்டவர்கள். அமெரிக்காவில் மருத்துவ ஆய்வுக்குப் பணம் தருவது என்ஐஎச் என்ற அரசு நிறுவனம். லைகோவுக்குத் தந்தது என்எஸ்எஃப் என்ற வேறோர் அரசு நிறுவனம். இன்று என்ஐஎச்சின் ஆண்டு நிதி 4,500 கோடி டாலருக்கு மேல். லைகோ பல பத்தாண்டுகளில் வாங்கிய 110 கோடியை என்ஐஎச் பத்து நாளுக்குள் செலவழித்துவிடும்.

நெடுங்கணக்கு:

வான்பித்தன் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். ஓர் ஆய்வை நிறுத்தினால் அந்தப் பணம் பக்கத்து ஆய்வுக்குப் போகும் என்று நினைப்பதே பிழை. 1993-ல் டெக்சாஸில் கட்டிக்கொண்டிருந்த, அணுத்துகள்களை மோதவிட்டு ஆராயும் பெரிய துகள் மோதியை அமெரிக்க நாடாளுமன்றம் நிறுத்தியது. அதற்குள் 200 கோடி டாலர் போய்விட்டது, சுரங்கமும் பல கிலோமீட்டர் தோண்டியாயிற்று. அதை நிறுத்தினால் தங்கள் துறைக்குப் பங்கு வரும் என்று எதிர்பார்த்த மற்ற அறிவியலாளர்கள் இருந்தார்கள். அவர்களுக்கு வரவில்லை.

தராசு:

வரவில்லை என்பது அரசியல். வரக்கூடாது என்று ஆகிவிடாது. எந்த ஆய்வுக்கு எவ்வளவு என்று கேட்கும் உரிமை வரி கட்டுகிறவனுக்கு இருக்கிறது. நிதிப்பெட்டி வேறு வேறு என்று சொல்லி அந்தக் கேள்வியை மூடக்கூடாது.

இரவுப்பணி:

பணச் சண்டையை ஒரு பக்கம் வையுங்கள். கிளாஸ்கோ விஷயத்துக்கு வருகிறேன், பட்டியலில் எனக்கு உருப்படியாகத் தெரிவது அதுதான். 2017-ல் வந்த கட்டுரையைப் படித்திருக்கிறேன். எலும்பு மஜ்ஜை ஸ்டெம் செல்களை ஜெல்லில் வைத்து, நொடிக்கு 1,000 தடவை, சுமார் 30 நானோமீட்டர் மட்டும் அதிரவைத்தார்கள். மருந்து எதுவும் சேர்க்காமலே அவை எலும்புச் செல்கள் ஆகும் பாதையில் போயின. அவ்வளவு சிறிய அசைவு நிஜமாகவே ஜெல் முழுக்கச் சீராக நடக்கிறதா என்று உறுதிசெய்ய, நுண்ணிய அசைவை லேசர் ஒளியால் அளக்கும் குறுக்கீட்டுமானி வேண்டும். அங்கேதான் ஈர்ப்பலைக்காரர்களின் கை. இதை மறுக்கவில்லை, அழகான வேலை.

ஆனால் இன்றும் எலும்பு முறிந்து வருகிறவருக்கு நாங்கள் செய்யும் வழக்கமான சிகிச்சையில் அது இல்லை. ஆய்வகத்திலிருந்து கட்டில் வரை உள்ள தூரம் இயற்பியலாளர்கள் நினைப்பதைவிட நீளம்.

கணினித் துறையிலிருந்து வருகிறவர்கள் இன்னும் மோசம். கோவிட் முதல் ஆண்டில் மார்பு எக்ஸ்ரே, சிடி ஸ்கேன் பார்த்து நோயைச் சொல்லும் ஏஐ என்று ஆயிரக்கணக்கில் கட்டுரைகள். 2021-ல் ஒரு குழு அவற்றைச் சலித்து, தரமாக இருந்த 62-ஐ எடுத்து நுணுக்கமாகப் பார்த்தது. மருத்துவமனையில் பயன்படுத்தத் தக்கது எத்தனை? ஒன்றுகூட இல்லை. சிலர் கோவிட் நோயாளிகளாகப் பெரியவர்களின் படத்தையும் கோவிட் இல்லாதவர்களாகச் சின்னக் குழந்தைகளின் படத்தையும் கொடுத்திருந்தார்கள். அந்த நிரல் கற்றுக்கொண்டது பெரியவர்களையும் குழந்தைகளையும் பிரித்தறிய.

கருந்துளைக்கு ஐன்ஸ்டைன் சமன்பாடு இருக்கிறது. சிக்னல் எப்படி இருக்கும் என்று முன்னாலேயே வரைந்து வைத்துக்கொண்டு தேடலாம். ரத்தத்தில் கிருமி பரவி ஒருவர் சரிந்துகொண்டிருப்பதற்கு எந்தச் சமன்பாடு? ஒவ்வொருவர் உடம்பிலும் ஒவ்வொரு மாதிரி. உங்கள் முறை இங்கே செல்லாது.

பூலியன்:

டாக்டர், இப்போதுதான் நான் பேச நினைத்த இடத்துக்கு வந்திருக்கிறீர்கள். கருவி தாண்டி வந்ததா, வைஃபை தாண்டி வந்ததா என்ற சண்டையில் எனக்கு அக்கறை குறைவு. தாண்டி வர வேண்டியது வேறு ஒன்று, அது இன்னும் சரியாக வரவில்லை.

முதலில் ஒரு தகவல். 2015 செப்டம்பர் 14 அன்று லைகோவுக்கு வந்த முதல் ஈர்ப்பலை சிக்னலை உடனடியாகப் பிடித்தது சமன்பாட்டிலிருந்து வரைந்த மாதிரியை வைத்துத் தேடிய நிரல் அல்ல. இரண்டு கருவிகளிலும் ஒரே நேரத்தில் ஏதாவது புடைப்பு தெரிகிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்த பொது நிரல். சில நிமிடங்களில் அது எச்சரித்தது. மாதிரியோடு பொருத்திப் பார்த்தது அதன் பிறகு. ஆக, சமன்பாடு இல்லாவிட்டால் கை கட்டப்பட்டுவிடும் என்பதில்லை.

கடினம் வேறு இடத்தில். கருவியின் நான்கு கிலோமீட்டர் நீளக் கரம் புரோட்டானின் விட்டத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்கு அசைகிறதா என்று பார்க்கிறார்கள். லாரி போனால் அசையும், கடல் அலை அடித்தால் அசையும். காரணமே தெரியாமல் வரும் துள்ளல்கள் கணக்கில்லாமல் உண்டு. அவற்றை வகைப்படுத்த பொதுமக்களையே கூப்பிட்டு கிராவிட்டி ஸ்பை என்று ஒரு திட்டம் நடத்துகிறார்கள். இப்படிப்பட்ட இரைச்சலுக்கு நடுவே கிடைத்தது நிஜம் என்று எப்படிச் சொன்னார்கள்? ஒரு கருவியின் தரவை நேரத்தில் நகர்த்தி மற்றதோடு ஒப்பிட்டார்கள். நகர்த்திய பிறகு தெரியும் பொருத்தம் எதுவும் நிஜ சிக்னலாக இருக்க முடியாது, எல்லாம் தற்செயல். அதை ஆயிரமாயிரம் முறை செய்து, தற்செயலாக இவ்வளவு பலமான ஒன்று வர எவ்வளவு காலம் ஆகும் என்று கணக்கிட்டார்கள். இரண்டு லட்சம் ஆண்டுக்கு ஒரு முறைகூட வராது என்று தெரிந்த பின்தான், 2016 பிப்ரவரியில், வாயைத் திறந்தார்கள்.

இந்தப் பழக்கம் வந்ததற்கு ஒரு காயம் காரணம். 1969-ல் ஜோசப் வெபர் தன் அலுமினிய உருளைகளில் ஈர்ப்பலை தெரிந்துவிட்டது என்று அறிவித்தார். மற்றவர்கள் கருவி கட்டித் தேடினார்கள், யாருக்கும் கிடைக்கவில்லை. அந்தத் துறையின் பெயர் பல ஆண்டுகள் கெட்டுக் கிடந்தது. அதற்குப் பின் வந்தவர்கள் தங்களைத்தான் முதலில் சந்தேகித்தார்கள். அதன் உச்சம் 2010-ல். கருவிக்குள் ஒரு பொய் சிக்னலை ரகசியமாகச் செலுத்தினார்கள். விஷயம் தெரிந்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர். நூற்றுக்கணக்கான ஆய்வாளர்கள் அதை நிஜமாக இருக்கலாம் என்று எடுத்துக்கொண்டு மாதக்கணக்கில் ஆராய்ந்து, கட்டுரையும் எழுதி முடித்தார்கள். 2011 மார்ச்சில் கலிஃபோர்னியாவின் ஆர்கேடியாவில் கூடி, விடை இருந்த உறையைப் பிரித்தார்கள். பொய் சிக்னல் என்று இருந்தது. கட்டுரை பெட்டிக்குள் போனது. ஆனால் நிஜமாக ஒன்று வந்தால் தங்களால் பிடிக்க முடியும், சரியாகவும் பிடிப்போம் என்று தெரிந்துகொண்டார்கள்.

டாக்டர் சொன்ன 62 ஏஐ கட்டுரைகளில் எத்தனை பேர் தங்கள் நிரலை இந்த அளவுக்குச் சந்தேகித்திருப்பார்கள்? கணினித் துறையிலிருந்து மருத்துவத்துக்கு நிரல் வந்தது, இந்தச் சந்தேகம் வரவில்லை. எனக்கு இதுதான் வருத்தம்.

இரவுப்பணி:

நன்றாகச் சொன்னீர்கள், ஆனால் இது இயற்பியல் மருத்துவத்துக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டிய பாடம் என்று நினைத்தால் வரலாறு இடிக்கும். பிரிட்டிஷ் மருத்துவ ஆய்வுக் கழகம் காசநோய்க்கு ஸ்ட்ரெப்டோமைசினைச் சோதித்து 1948-ல் முடிவை வெளியிட்டது, அந்த முறையைப் பாருங்கள். ஆஸ்டின் பிராட்ஃபோர்ட் ஹில் யாருக்கு மருந்து, யாருக்கு வெறும் படுக்கை ஓய்வு என்பதைச் சீட்டுக் குலுக்கல் போலத் தீர்மானித்து, முடிவை மூடிய உறைகளில் வைத்தார். நோயாளியைச் சேர்த்த பிறகுதான் உறையைப் பிரிக்க வேண்டும். டாக்டருக்குப் பிடித்த நோயாளிக்கு மருந்து போய்விடக் கூடாது என்பதற்காக. எக்ஸ்ரேக்களைப் படித்தவர்களுக்கு யார் எந்தப் பக்கம் என்று தெரியாது. ஆறு மாதத்தில் மருந்து வாங்கிய 55 பேரில் 4 பேர் இறந்தார்கள், வாங்காத 52 பேரில் 14 பேர்.

மூடிய உறை எங்களிடம் லைகோவுக்கு அறுபது ஆண்டு முன்பே இருந்தது. யார் யாருக்குக் கற்றுக்கொடுத்தது?

வான்பித்தன்:

டாக்டர், இது எனக்குப் புதுத் தகவல். ஆனால் இது என் பக்கத்து வாதத்துக்குத்தான் பலம் சேர்க்கிறது. துறைகள் ஒன்றுக்கொன்று கொடுத்து வாங்கத்தான் செய்கின்றன.

இரவுப்பணி:

கொடுத்து வாங்கியதாகச் சான்று எங்கே? இரண்டு துறை தனித்தனியே ஒரே யோசனைக்கு வந்திருக்கலாம். உங்கள் பட்டியலில் உள்ள சிக்கலும் அதுதான்: முன்னால் நடந்தது, பின்னால் நடந்தது, ஆகவே அதனால் இது.

பூலியன்:

டாக்டர், உங்கள் உறையும் அவர்கள் உறையும் ஒன்றல்ல. ஹில்லின் உறை மருந்தைச் சோதிக்கிறது. ஆர்கேடியா உறை பார்க்கிறவனைச் சோதிக்கிறது. மருந்து சந்தைக்கு வரும் முன் நீங்கள் கடுமையாகச் சோதிக்கிறீர்கள், ஒப்புக்கொள்கிறேன். ஒரு நோயறியும் நிரல் மருத்துவமனையில் ஓட ஆரம்பித்த பிறகு, மூன்றாம் மாதத்தில் அது இன்னும் ஒழுங்காகப் பார்க்கிறதா என்று யார் சோதிக்கிறார்கள்? 2018-ல் வந்த ஓர் ஆய்வில் நிமோனியாவைக் கண்டுபிடிக்கும் நிரல், படம் எந்த மருத்துவமனையில் எடுத்தது என்பதைக் கிட்டத்தட்டப் பிழையே இல்லாமல் கண்டுகொண்டது. நோய் அதிகம் வரும் மருத்துவமனை எது என்று தெரிந்தால் பாதி விடை கிடைத்துவிடுமே. வெளி மருத்துவமனைப் படங்களில் அதன் திறன் இறங்கியது.

என் யோசனை நேரடியானது. ஓடிக்கொண்டிருக்கும் நிரலுக்கும், அதோடு சேர்ந்து ஸ்கேன் படங்களைப் படிக்கும் மருத்துவரான ரேடியாலஜிஸ்டுக்கும், நடுநடுவே விடை தெரிந்த படங்களை அறிவிக்காமல் செலுத்த வேண்டும்.

தராசு:

இது வேறு இடத்தில் நடக்கிறது. விமான நிலையங்களில் பெட்டிகளை எக்ஸ்ரேயில் பார்க்கிறவர்களுக்கு, திரையில் அவ்வப்போது பொய்யாக ஒரு துப்பாக்கியின் படத்தைப் பெட்டிக்குள் இருப்பதுபோல் காட்டுவார்கள். பொத்தானை அழுத்தினால் "இது சோதனைப் படம்" என்று வந்துவிடும். அரிதாக வருவதை மனிதக் கண் தவறவிடும் என்பதால் செய்யும் ஏற்பாடு. இதற்குப் பெரிய செலவும் இல்லை. கருந்துளைக்கே போகாமல் இந்த யோசனை கிடைக்கிறது பாருங்கள்.

இரவுப்பணி:

பெட்டியைத் திறந்து பார்த்தால் முடிந்தது. மனிதரை அப்படித் திறந்து பார்க்க முடியாது. மேமோகிராம் என்ற மார்பக எக்ஸ்ரே வரிசையில் பொய்க் கட்டி ஒன்றைப் போட்டீர்கள் என்று வையுங்கள். ரேடியாலஜிஸ்ட் பிடித்துவிட்டார். அடுத்து என்ன? நோயாளியைக் கூப்பிடச் சொல்வார், திசுவை எடுத்துச் சோதிக்கும் பயாப்சிக்கு நேரம் குறிப்பார். எங்கேயாவது ஒரு கண்ணி அறுந்து அந்தத் தகவல் நிஜமான ஒரு பெண்ணின் பெயரில் போய் ஒட்டிக்கொண்டால்? 2010-ல் உங்கள் பொய் சிக்னலை நம்பி உலகெங்கும் தொலைநோக்கிகளைத் திருப்பினார்கள் இல்லையா? தொலைநோக்கியின் இரவு வீணானால் மறுநாள் பார்த்துக்கொள்ளலாம்.

சோதனையே இல்லை என்பதும் சரியில்லை. பிரிட்டனில் மார்பகப் பரிசோதனைப் படங்களைப் படிக்கும் ஒவ்வொருவரும் பெர்ஃபார்ம்ஸ் என்ற திட்டத்தில் விடை தெரிந்த படத் தொகுதிகளைப் படித்துத் தங்கள் திறனைச் சரிபார்த்துக்கொள்கிறார்கள். பல ஆண்டுகளாக நடக்கிறது.

பூலியன்:

பெர்ஃபார்ம்ஸ் நல்ல ஏற்பாடுதான். ஆனால் அதில் உட்காருகிறவருக்கு இது சோதனை என்று தெரியும். கட்டி உள்ள படங்களும் அதில் நிறைய இருக்கும். நிஜ வரிசையில் ஆயிரம் பெண்களில் பத்துப் பேருக்கும் குறைவாகத்தான் நோய் இருக்கும். நூறு படம் பார்த்து ஒன்றும் கிடைக்காத களைப்பில் நூற்று ஒன்றாவதை எப்படிப் பார்க்கிறார் என்பதை அறிவித்து வைக்கும் சோதனையால் அளக்க முடியாது. தராசு சொன்ன விமான நிலைய ஏற்பாடு அளப்பது அதைத்தான்.

கண்ணி அறுந்துபோகும் பயத்துக்கு வழி இருக்கிறது. அறிக்கை கையெழுத்தாகும் நொடியில், அது நோயாளியின் கோப்புக்குப் போகும் முன்பே, உறை பிரிந்துவிட வேண்டும். லைகோவைப் போல ஆறு மாதம் காத்திருக்கத் தேவையில்லை. கட்டியை நிஜப் பெண்ணின் படத்தில் வரையவும் கூடாது. நோய் உறுதியாகி, சிகிச்சையும் முடிந்த பழைய படங்களை, சம்மதம் வாங்கி, பெயர் நீக்கி, தனி எண்ணில் போட வேண்டும்.

இரவுப்பணி:

அப்படியென்றால் ஓரளவு யோசிக்கலாம். ஆனால் படிக்க வேண்டிய படங்கள் ஏற்கெனவே குவிந்து கிடக்கின்றன. பத்துப் பொய்ப் படம் போட்டால் பத்து நிஜப் பெண்கள் அவ்வளவு நேரம் கூடுதலாகக் காத்திருப்பார்கள். அதை ஈடுகட்டும் அளவுக்குக் கண் கூர்மையாகிறதா என்று முதலில் நிரூபியுங்கள். ஹில் செய்ததைப் போல, சில மையங்களில் போட்டு, சிலவற்றில் போடாமல், எவற்றுக்கு என்பதைக் குலுக்கித் தீர்மானித்து. சோதிக்கும் முறையையே சோதிக்காமல் உள்ளே விட மாட்டேன்.

வான்பித்தன்:

அந்தச் சோதனையை யார் நடத்தினாலும் வரவேற்பேன். என் பக்கத்தில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இழை எங்கெங்கோ போய்விட்டது. பட்டியலை நான் விடவில்லை. மொசைக் இருந்த கட்டடம் கருந்துளைக் கணக்குக்கு இடம் கேட்டவரால் எழுந்தது, அதை யாரும் இங்கே மறுக்கவில்லை. ஆனால் பட்டியல் முழுவதையும் நீங்கள் அழித்தாலும் லைகோ வேண்டும் என்றுதான் சொல்வேன். 2017 ஆகஸ்ட் 17 அன்று இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் (வெடித்த விண்மீன்களின் அடர்ந்த மிச்சம்) மோதிய அலை வந்து 1.7 நொடியில் காமா கதிரும் வந்தது. தங்கம், பிளாட்டினம் போன்ற கனமான தனிமங்கள் அப்படிப்பட்ட மோதலில் உண்டாகின்றன என்பதை அதற்கு அடுத்து வந்த நாட்களில்தான் ஒளியிலும் பார்த்தோம். தனிமங்கள் எங்கிருந்து வந்தன என்று தெரிந்துகொள்வதற்கு எலும்பு முறிவுச் சிகிச்சையின் சிபாரிசு எதற்கு?

தராசு:

இதை முதலிலேயே சொல்லியிருந்தால் என் பாதிக் கேள்வி எழுந்திருக்காது. அறிவுக்காகக் கேளுங்கள், அது நேர்மையான கோரிக்கை, அதற்கு எவ்வளவு என்று பேசலாம். உயிர் காக்கும் என்று காட்டிக் கேட்டால் உயிர் காக்கும் மற்றவற்றோடு ஒப்பிடத்தான் செய்வேன்.

நெடுங்கணக்கு:

பூலியன், டாக்டர், நீங்கள் இருவரும் பேசாத ஒன்று. உறை யார் கையில் இருக்கும்? லைகோவில் அதற்கென்று ஒரு சிறு குழு இருந்தது. சக ஆய்வாளர்கள்தான், அவர்களால் யார் வேலைக்கும் ஆபத்து இல்லை. மருத்துவமனையில் இந்த உறையை நிர்வாகம் வைத்துக்கொண்டால் மூன்றாம் மாதமே ரேடியாலஜிஸ்டுகளைத் தரவரிசைப்படுத்தும். தவறவிட்டவர் பெயர் வெளியே வரும் என்று தெரிந்தால் எல்லோரும் சந்தேகமாகத் தெரிகிற எதையும் கட்டி என்றுதான் எழுதுவார்கள். அப்புறம் டாக்டர் சொன்ன கொரியத் தைராய்டு கதைதான்.

பூலியன்:

நிரலைப் பொறுத்தவரை முடிவு முழுக்க வெளிப்படையாக இருக்க வேண்டும், விற்றவர் உட்பட எல்லோருக்கும். மனிதரைப் பொறுத்தவரை அவரவர் முடிவு அவரவருக்கு மட்டும், மையத்துக்கு மொத்த எண்ணிக்கை மட்டும்.

இரவுப்பணி:

மொத்த எண்ணிக்கையும் மையத்தின் நிர்வாகத்துக்கு வேண்டாம். மூன்று பேர் வேலை செய்யும் இடத்தில் மொத்தத்திலிருந்தே ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். பல மையங்களின் ரேடியாலஜிஸ்டுகள் சேர்ந்து தேர்ந்தெடுத்த வெளிக்குழுவிடம் உறை இருக்கட்டும், ஒரு புள்ளியியலாளரும் அதில் இருக்க வேண்டும். எந்த மையத்துக்கு எத்தனை படம், எந்த வாரம் என்பதும் அந்தக் குழுவுக்கு மட்டும் தெரிய வேண்டும். இந்த மூன்றையும் எழுதித் தாருங்கள், என் துறைத் தலைவரிடம் நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன். திட்டவரைவில் தவறான நேர்மறைகளை, அதாவது நோய் இல்லாதவருக்கு நோய் என்று சொல்வதை, எண்ணும் பகுதியை மட்டும் நான் எழுதுகிறேன், அதை வேறு யாரிடமும் விட மாட்டேன்.